கடைசியில் அறிவோர் பெற்றார்

இலங்கைச் செய்தித்தாள்களைச் சென்ற சில ஆண்டுகளாக வாசித்து வருவோர் ஒன்றைக் கவனித்திருத்தல் கூடும். போதைப்பொருள் என்னும் சொல் வருமிடமெல்லாம் அதன் பின்னே பொலிஸ், சுற்றிவளைப்பு, கைது, கிராம், கிலோ என்னும் சொற்களே அணிவகுத்து வருகின்றன. 2023 டிசெம்பர் 17ஆம் நாள் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையிற் சில வாரங்களுக்குள்ளேயே பல்லாயிரவர் பிடிபட்டனர். அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் அதன் முறைகளைக் குறித்துக் கவலை தெரிவித்தது. 2025 ஒக்டோபரில் ‘முழு நாடுமே ஒன்றாக’ என்னும் பெயரில் ஜனாதிபதியே முன்னின்று மற்றொரு தேசிய இயக்கத்தைத் தொடக்கி வைத்தார். ஆட்சி மாறியது; நடவடிக்கையின் பெயரும் மாறியது. இவற்றின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்ப்பது இக் கட்டுரையின் நோக்கமன்று. பிடிபட்டவன் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளை. அவன் முதன்முதலாக அப் பொருளைக் கையில் வாங்கிய நாளில் அவனுக்குப் பதினைந்து அல்லது பதினாறு வயது இருந்திருக்கலாம். அன்றிரவும் அவன் வீட்டுக்கு வந்து, உண்டு, உறங்கியே இருப்பான். அந்த இரவைப் பற்றியே நாம் இங்குப் பேச விரும்புகிறோம்.

கண்டி நகரிலிருந்து மகாவலி கங்கையைக் கடந்து வத்தேகமப் பக்கம் செல்வோர் மடவளைக் கடைவீதியை நன்கறிவர். வணிகத்தையும் பள்ளிவாசலையும் பாடசாலையையும் சுற்றி வளர்ந்த ஊர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாய் வாழும் ஊர். மது மார்க்கத்தால் விலக்கப்பட்டது என்பதை இங்குள்ள சிறு குழந்தையும் சொல்லும். இத்தகைய ஊரில் நின்றுகொண்டு மது, போதைப்பொருள் ஆகியவற்றின் தீமையைப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகாதா என்று வாசகர் கேட்கலாம். அவற்றின் தீமையை நாமும் பேசப் போவதில்லை. அதை அறியாத தந்தையோ தாயோ இப் பகுதியில் இல்லை. அவர்கள் அறியாதது வேறொன்று. ‘எங்கள் வீட்டில் அது நுழையாது’ என்னும் நம்பிக்கை, கண்ணியமான குடும்பங்களின் நியாயமான பெருமைதான். ஆயினும், அப் பெருமையைக் காவற்காரனாக வாசலில் நிறுத்திவிட்டு வீட்டார் உறங்கப் போவதே இடரின் தொடக்கமாகிறது.

எப்படியெனில், மது தந்தையின் மேசைமேல் இருக்கும் வீட்டில் ஒரு மகன் அதைத் தொட்டுவிட்டால் அவன் மறைக்க வேண்டிய குற்றம் ஒன்றே. மது முற்றாக விலக்கப்பட்ட வீட்டிலோ, அவன் தாய் தந்தையரிடமிருந்து மட்டுமன்றி, ஊரிலிருந்தும், உஸ்தாதிடமிருந்தும், தான் இறைவனின் முன் நிற்கும் தொழுகை வரிசையிலிருந்துங்கூட அதை மறைத்தாக வேண்டும். மறைக்க வேண்டியது பெரிதாகப் பெரிதாக, மறைக்கும் திறமையும் பெரிதாகிறது. ஆகவேதான், விலக்கு மிக உறுதியாயுள்ள குடும்பங்களிற் செய்தி மிகப் பிந்தி வந்து சேர்கிறது. அயலவர் அறிந்து, கடைக்காரர் அறிந்து, வகுப்பிலுள்ளோர் அனைவரும் அறிந்த பின்னர், கடைசியாக வாப்பாவும் உம்மாவும் அறிகின்றனர்.

முற்காலத்தில் இவ்வாறு பிந்துவது எளிதன்று. தவறணை என்பது வீதியோரத்தில் நின்ற ஒரு கட்டடம். அதற்குள் நுழைந்தவனை ஊர் பார்த்தது. வெளியே வந்தவனை அவன் நடையும் வாயின் வாடையும் காட்டிக் கொடுத்தன. எதிரி கண்ணுக்குத் தெரிந்தமையால் அவனை எதிர்க்கவும் முடிந்தது. 1912ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சி கலால் சட்டத்தைக் கொண்டுவந்து புதிய தவறணைகளுக்கு வழிவிட்டபோது, நாடெங்கும் மதுவொழிப்புச் சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன. பிற்காலத்தில் நாட்டின் முதற் பிரதமராய் வந்த டி. எஸ். சேனாநாயக்க பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தது அவ்வியக்கத்தின் வாயிலாகவே. பின்னர் ஊர்மக்கள் வாக்களித்துத் தம்மூர்த் தவறணையை மூடிக்கொள்ளும் முறையும் வந்தது. தவறணை இருந்த இடத்தை விரல் நீட்டிக் காட்ட முடிந்ததனால் அதற்கு எதிராக வாக்களிக்கவும் முடிந்தது.

இன்று விரல் நீட்ட இடமில்லை. மதன மோதகம் என்று ஒரு பண்டம் உண்டு. கஞ்சா கலந்த இவ் ஆயுர்வேத உருண்டை, இனிப்புப் பண்டம்போற் சட்டைப்பையில் அடங்கிவிடும்; பாடசாலைப் பிள்ளைகளின் கையில் அது அகப்பட்ட செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. மாவா, பாபுல் என்னும் புகையிலைக் கலவைகள் சிறு பொட்டலங்களாய்க் கைமாறுகின்றன. 2016 செப்டெம்பரில் அரசாங்கம் வர்த்தமானி மூலம் இத்தகைய கலவைகளைத் தடைசெய்தது. தடைசெய்யப்பட்ட பின்னும் அவை மறைந்துவிடவில்லை. நோவுக்கும் நரம்பு நோய்க்கும் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சில குளிகைகள் இப்போது வேறு நோக்கத்துக்காக வாங்கப்படுகின்றன. அவற்றுக்கு வாடையில்லை, புகையில்லை, கண் சிவப்பதும் பெரும்பாலும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் இந் நாட்டுக்குள் வந்த ஹெரோயின் ‘குடு’ என்று பெயர் பெற்றுச் சேரிகளுக்கு உரியதென்று எண்ணப்பட்டது. அண்மைக்காலத்தில் வந்த ‘ஐஸ்’ அவ்விதமன்று. அது உறக்கத்தை விரட்டுவது. பரீட்சைக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறான் பிள்ளை என்று பெற்றார் மகிழவும் கூடும். இவற்றையெல்லாம் தருவிக்க ஒருவன் தவறணைவரை நடக்க வேண்டியதில்லை. கையிலுள்ள தொலைபேசி போதும். வாயை முகர்ந்து பார்த்து வளர்த்த பழைய முறைக்கு இங்கு வேலையில்லை.

அப்படியாயின், இன்னும் கூர்மையாகக் கண்காணிக்க வேண்டும் என்றுதானே முடிவு செய்யத் தோன்றும்? பையைச் சோதிப்பது, தொலைபேசியைப் பறித்துப் பார்ப்பது, நண்பர்களை விசாரிப்பது, பின்தொடர்வது. இவ் விடத்தில்தான் சுவீடனிற் பணியாற்றிய உளவியலாளர் ஸ்டாட்டின், கெர் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு நமக்கு உதவுகிறது. அவர்கள் பதினான்கு வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்தம் பெற்றாரையும் விசாரித்தனர். பிள்ளை எங்கே போகிறது, யாருடன் திரிகிறது என்பதை நன்கறிந்த பெற்றாரின் பிள்ளைகள் தீய வழியிற் செல்வது குறைவு என்பது முன்பே தெரிந்த செய்தி. அப் பெற்றாருக்கு அவ்வறிவு எங்கிருந்து வந்தது என்றே இவ்விருவரும் கேட்டனர். கண்காணிப்பாலும் குறுக்கு விசாரணையாலும் வந்தது சொற்பம். பெரும்பகுதி, கேளாமலே பிள்ளை தானாக வந்து சொன்னதனால் வந்தது. அதாவது, பெற்றாரின் அறிவு என்று நாம் கருதியது உண்மையிற் பிள்ளையின் நம்பிக்கை. கேட்பதும் விதிப்பதும் முற்றிலும் வீண் என்று பிற்கால ஆய்வாளர் கொள்ளவில்லை; எனினும், இச் செய்தியின் கூர்மை மழுங்கவில்லை.

நம் வீடுகளில் இந் நம்பிக்கையின் நிலை என்ன? மலைநாட்டு முஸ்லிம் ஊர்களில் தகப்பன் கடையை முன்னிட்டுக் கொழும்பிலோ வேறு நகரிலோ இருப்பதும், வளைகுடா நாடுகளில் உழைப்பதும் புதுமையன்று. தோட்டப்புறங்களிலிருந்தும் அயற் சிங்களக் கிராமங்களிலிருந்தும் தாய்மார் மத்திய கிழக்குக்குப் போய்ப் பாட்டியரிடம் பிள்ளைகள் வளர்வதும் அவ்வாறே. தூரத்திலுள்ள தந்தை வாரத்திற் சிலமுறை தொலைபேசியில் அழைக்கிறார். “சாப்பிட்டாயா? படித்தாயா? தொழுதாயா?” மூன்று கேள்விகள். மூன்றுக்கும் ஒரே விடை: “ஓம் வாப்பா.” அவ் விடை உண்மையாக இருந்தாலும் இல்லாவிடினும் ஒரே ஒலியுடையது. அதன்பின் தொலைபேசி உம்மாவின் கைக்கு மாறிவிடுகிறது. அந்தத் தந்தை அன்பற்றவர் அல்லர். பாலை வெயிலில் அவர் வேர்வை சிந்துவது அப் பிள்ளைக்காகவே. ஆனால் விடை முன்கூட்டியே தெரிந்த கேள்விகளை மட்டும் கேட்பவருக்குப் புதிய செய்தி எதுவும் வாராது. பந்தாட்டத்தில் என்ன நடந்தது, புதிதாய் வந்த ஆசிரியர் எப்படிப்பட்டவர், நேற்று ஏன் சிநேகிதனுடன் மனஸ்தாபம் என்று கேட்கும் தந்தைக்கு வருகிற பதில் ‘ஓம்’ என்பதோடு முடிய முடியாது. ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அற்பமான செய்திகளைச் சொல்லிப் பழகிய வாய்க்கே அற்பமல்லாத செய்தியைச் சொல்லவும் வரும்.

இனி, ஒரு பிள்ளை உண்மையிலேயே வந்து சொல்லிவிட்டான் என்று கொள்வோம். வகுப்பில் ஒருவன் மாவா தந்தான், வாங்கிப் பார்த்தேன், தலை சுற்றியது என்கிறான். அக் கணத்தில் அந்த வீட்டில் நிகழ்வது என்ன? பெரும்பாலும் ஓர் அறை விழும். அல்லது உம்மாவின் அழுகை எழும். அல்லது ‘ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது’ என்னும் புலம்பல். ஓர் உடன்பாட்டை இங்கே கவனிக்க வேண்டும். மகன் சொன்னதற்காக அடிபட்டான்; சொல்லாத மற்றப் பிள்ளைகள் அடிபடவில்லை. சொல்லக்கூடாது என்பதே அவன் அன்று கற்ற பாடம். இரண்டாம் முறை மாவா கிடைக்கும்போது வீட்டுக்குச் செய்தி வராது. மூன்றாம் முறை அது மாவாவாக இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் ஈன்ற தாயின் முகத்தைக் கொண்டு வந்து நிறுத்துகிறார். எதையும் பொறுக்கும் அவள் முன்னிலையிலேயே களித்தல் துன்பம் தருவதாயின், குற்றத்தைப் பொறாத சான்றோர் முன்னே அது எத்தகையது என்பது அவர் கேள்வி. குடிப்பழக்கத்தில் ஊறிய பெரியவனை நாணச் செய்வதற்கு இதனினும் வன்மையான வாதம் கிடையாது. பதினைந்து வயதுச் சிறுவனின் காரியத்தில் நாம் அப் பாட்டை வேறு பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டியிருக்கிறது. சான்றோரின் முகங்கள் அனைத்தும் மூடிக்கொண்ட பின்னரும் அவன் பார்க்கத் துணியும் ஒரு முகம் எஞ்சியிருக்குமாயின், அது அந்தத் தாயின் முகமாகத்தான் இருக்க முடியும். அதையும் அவன் பார்க்க அஞ்சும்படி செய்துவிட்டால் அவன் வேறெங்குப் போவான்?

இவ்வாறு எழுதும்போது, பிள்ளை எதைச் செய்தாலும் தட்டிக் கொடுக்க வேண்டும் என்று யாம் சொல்வதாகச் சிலர் பொருள்கொள்ளலாம். அது தவறு. செவி திறந்திருப்பதும் விதி தளர்ந்திருப்பதும் வேறு வேறு. ‘எப்படியும் குடிக்கத்தான் போகிறான், வெளியில் குடிப்பதைவிட நம் கண்முன் கொஞ்சம் குடித்துப் பழகட்டும்’ என்று எண்ணிக் கல்யாண வீட்டிலும் புத்தாண்டிலும் மகனுக்கு ஒரு குவளை பியர் ஊற்றிக் கொடுக்கும் தந்தையர் கண்டி நகரில் உண்டு. மடவளையில் இப் பழக்கம் இல்லையென்றாலும், மடவளைப் பிள்ளையின் வகுப்புத் தோழன் அவ் வீட்டிலிருந்தும் வரக்கூடும். அவுஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,900 பிள்ளைகளை ஆறாண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இவ் வாதத்தைத் தகர்த்துவிட்டது. பெற்றார் ஊற்றிக் கொடுத்தமையால் எந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பு உண்டானதற்கு அங்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாக, அப் பிள்ளைகள் அளவுமீறிக் குடிப்பதும் வேறிடத்திற் குடியைத் தேடிப் போவதும் மிகுதியாயின. அமெரிக்காவில் 1990களில் நடந்த ஒரு பெரிய கணிப்பிலும், பதினைந்து வயதுக்கு முன்னரே குடிக்கத் தொடங்கியோருள் குடிக்கு அடிமையானோர், இருபது வயதின் பின் தொடங்கியோரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கினர் எனத் தெரியவந்தது. தொடக்கத்தை ஓராண்டு தள்ளிப் போடுவதும் ஆதாயமே.

சட்டமும் இதையே கருதியது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டப்படி இருபத்தொரு வயது நிரம்பாத ஒருவருக்குச் சிகரட்டையோ மதுவையோ விற்றல் குற்றம். இச் சட்டத்தை மீறும் கடைக்காரரை நாம் குறை கூறுகிறோம். ஆனால் “ஓடிப்போய் ஒரு சிகரட் வாங்கி வா” என்று பத்து வயது மகனைத் தெருமுனைக் கடைக்கு ஏவும் தந்தையை எந்தப் பொலிஸ்காரர் பிடிப்பார்? அந்தச் சிறுவனுக்குக் கடைக்காரருடன் பழக்கத்தை உண்டாக்கி வைத்தவர் அத் தந்தையே. அவர் மதுவைத் தொட்டும் பாராதவர். பள்ளிவாசலின் முதல் வரிசையில் நிற்பவர். தும்பறைப் பள்ளத்தாக்கில் ஒருகாலத்தில் விளைந்த புகையிலை பேர்போனது. வெற்றிலைத் தட்டத்தில் அதற்கு உரிய இடம் இருந்தது. புகையிலையைப் பாவமென்று எவரும் கருதாத அப் பழைய மனப்பாங்கு நம்மிடம் இன்னும் எஞ்சியிருக்கிறது. பிள்ளைகளின் கணக்கிலோ, பல வேளைகளில் முதற்படி அதுவாகவே அமைகிறது.

விதியின் வன்மைக்கும் ஓர் உதாரணம் சுவீடனிலேயே உண்டு. எரெப்ரோ என்னும் நகரில், பாடசாலைக் கூட்டங்களுக்கு வந்த பெற்றாரிடம், ‘பதினெட்டு வயதுக்கு முன் ஒரு துளியும் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், பிள்ளை வளர வளர அச் சொல்லைத் தளர்த்தாதீர்கள்’ என்று வற்புறுத்தினர். மூன்றாண்டு முடிவில் அவர்களுடைய பிள்ளைகளிடையே வெறிகொள்ளும் வழக்கம் குறைந்திருந்தது. மற்றோரிடத்தில் இதே முறையைச் சோதித்தவர்கள் அத்துணைப் பயனைக் காணவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெதர்லாந்திலோ, பெற்றாருக்கு மட்டும் சொன்னபோதும் மாணவருக்கு மட்டும் சொன்னபோதும் விளையாத நன்மை, இரு சாராருக்கும் ஒருங்கே சொன்னபோது விளைந்தது. பாடசாலையின் சொல்லும் வீட்டின் சொல்லும் ஒன்றாக இருந்ததைப் பிள்ளை கண்டான் போலும்.

தனியொரு வீடு எவ்வளவுதான் முயன்றாலும் ஒரு வரம்பு உண்டு. “மற்றெல்லாரும் போகிறார்கள், என்னை மட்டும் விடமாட்டீர்களா?” என்று மகன் கேட்கும்போது தாய் தோற்றுப் போகிறாள். அந்த ‘மற்றெல்லாரும்’ என்பவர் யாவர்? அவர்களுடைய தாய்மாரும் இதே கேள்விக்கு இதே இரவில் தோற்றுக்கொண்டிருப்பவர்களே. ஐஸ்லாந்து மக்கள் இதைக் கண்டுகொண்டனர். 1990களில் அங்குச் சிறுவர் குடித்துவிட்டுத் தலைநகர் வீதிகளில் வெள்ளிக்கிழமை இரவுகளில் அலைந்து திரிந்தனர். 1998இல் பதினைந்து, பதினாறு வயதினருள் நூற்றுக்கு 42 பேர் முந்திய மாதத்தில் ஒருமுறையேனும் குடித்து வெறித்திருந்தனர். 2016இல் அது நூற்றுக்கு 5 ஆயிற்று. கஞ்சாவை ஒருமுறையேனும் தொட்டவர் 17இலிருந்து 7 ஆயினர். நாள்தோறும் புகைப்போர் 23இலிருந்து 3 ஆயினர். இவ் வியப்பை விளைவித்தது ஒரே மருந்து அன்று. ஆயினும், பெற்றார் சங்கங்கள் ஊருக்கு ஊர் எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டமை அதில் முக்கிய பங்கு வகித்தது. என் வீட்டில் உன் பிள்ளைக்கு மது கொடேன். பெரியவர் இல்லாத விருந்துக்கு என் பிள்ளையை விடேன். உன் பிள்ளையை வேளைகெட்ட வேளையில் வீதியிற் கண்டால் அழைத்து விசாரிப்பேன். பதின்மூன்று முதல் பதினாறு வயதுவரை உள்ளோர் மாரிகாலத்தில் இரவு பத்து மணிக்குமேல் வெளியே நிற்கலாகாது என்று சட்டமும் செய்தனர். பெற்றார் கூட்டங் கூட்டமாக இரவில் வீதியுலா வந்தனர். கூடவே, பிள்ளைகளுக்குப் பந்தாட்டம், இசை, நடனம் முதலியவற்றில் ஈடுபட மாநகரசபை பணமும் கொடுத்தது.

ஐஸ்லாந்து செல்வ நாடு. அதன் சனத்தொகை கண்டி மாவட்டத்தின் சனத்தொகையில் மூன்றிலொரு பங்குமில்லை. அங்கு ஆனது இங்கு அப்படியே ஆகும் என்று எவரும் ஆணையிட முடியாது. ஆனால் உடன்படிக்கை என்ற ஒன்றுக்குப் பணம் வேண்டியதில்லை. ஒருவரையொருவர் அறிந்திருத்தல் வேண்டும். ஐஸ்லாந்துக்காரர் கூட்டங்கள் கூட்டி உண்டாக்கிக்கொண்ட அவ்வறிமுகம் மடவளை போன்ற ஊரில் ஏற்கெனவே உள்ளது. யார் மகன் யாருடன் திரிகிறான் என்பது கடைவீதியில் அனைவருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லும் வழக்கம்தான் இல்லை. ‘அவர் பிள்ளையைப் பற்றி நான் போய்ச் சொன்னால் பகை வரும்’ என்று ஒருவர் வாய்மூடுகிறார். அவர் பிள்ளையைப் பற்றி அறிந்த மற்றொருவரும் அவ்வாறே வாய்மூடுகிறார். இரு தந்தையரும் சலாம் சொல்லிக் கடந்து போகின்றனர். சொல்வதற்கு முன்கூட்டியே உத்தரவு கொடுத்து வைப்பதே அந்த உடன்படிக்கையின் சாரம். என் மகனைப் பற்றி நீர் வந்து சொன்னால் நான் பகைக்க மாட்டேன் என்று ஒரு வகுப்பிலுள்ள பிள்ளைகளின் தந்தையர் முப்பது பேர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

எந்தெந்த நாட்களில் அது மிக வேண்டியது என்பதும் இங்குள்ளோர்க்குத் தெரிந்ததே. நோன்புகால இரவுகளில் தராவீஹ் தொழுகை முடிந்த பின் ஸஹர் நேரம்வரை வாலிபர் வெளியில் நிற்பதை எவரும் கேட்பதில்லை. மார்க்கத்தின் பெயரால் இரவு முழுவதும் திறந்து கிடக்கும் ஒரே மாதம் அது. பெருநாளன்று மோட்டார் சைக்கிள்களிலும் வாடகை வானிலும் நுவரெலியாவுக்கோ வேறெங்கோ கூட்டமாகப் போகிறார்கள். போகிறவர்களின் பெயர்ப்பட்டியல் எந்தத் தந்தையிடமும் இராது. கண்டியில் நடக்கும் மாலை நேரத் தனியார் வகுப்புக்குச் சென்ற பிள்ளை வகுப்பு முடிந்து எத்தனை மணிக்குப் பஸ் ஏறினான் என்பதும் பலருக்குத் தெரியாது. இவையனைத்திலும் கொடியது, க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்கள். பத்தாண்டுகளாகப் புத்தகமும் நேரசூசியுமாய்க் கட்டிப்போட்டு வைத்த ஒருவனை ஒரு காலையில் அவிழ்த்துவிட்டு, ‘இனி நீ சும்மா இரு’ என்கிறோம். சும்மா இருப்பது ஞானியர்க்கே அரிதென்பார்கள். பதினாறு வயதுச் சிறுவன் எங்ஙனம் இருப்பான்? விளையாட்டுக் கழகம், நூலகம், கடையில் அரைநாள் வேலை, ஒரு தொழிற்பயிற்சி என ஏதாவதொன்றை அம் மாதங்களுக்காகப் பரீட்சைக்கு முன்னரே ஏற்பாடு செய்து வைப்பது, ஜும்ஆப் பிரசங்கங்கள் பத்தினும் கூடிய பயன் தரும் என்பது எமது துணிபு. பிரசங்கத்தை இகழ்ந்து இதைச் சொல்லவில்லை. அச்சுறுத்தும் சொற்பொழிவும், சிதைந்த நுரையீரலின் படமும், பொலிஸ்காரரின் வகுப்பறை விரிவுரையும் தம்மளவில் நிலையான பயனைத் தருவதில்லை என்று அமெரிக்காவிற் பல ஆண்டுகள் நடத்திப் பார்த்த பெருந்திட்டங்களின் மதிப்பீடுகள் காட்டியுள்ளன.

எல்லாம் தவறி, காரியம் கைமீறிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். மகன் பழகிவிட்டான். பெற்றார் ஒருநாள் அதை அறிகின்றனர். அன்று தொடங்கி ஒரு மௌனம் அவ் வீட்டைக் கவ்விக்கொள்கிறது. அதன் காரணம் மகன் அல்லன், வீட்டிலிருக்கும் குமர். இவன் செய்தி வெளியே போனால் அவளைக் கேட்டு யார் வருவார்? இவ் வச்சம் பொய்யன்று. நம் சமூகத்தின் பெண்பார்க்கும் முறையை அறிந்தோர் இதை எள்ளி நகையாட மாட்டார்கள். எனவே, ஒரு வீட்டார் அவனைத் தொலைதூர மத்ரஸா ஒன்றுக்கு அனுப்பிவைப்பர். மற்றொரு வீட்டார் கடவுச்சீட்டு எடுத்து வளைகுடாவுக்கு ஏற்றுவர். வேறொருவர் ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்துவிட்டால் திருந்திவிடுவான் என்று எங்கோ ஓர் ஏழைப் பெண்ணின் தலையில் அவனைக் கட்டுவர். இக் கடைசி வழி கொடுமையானது. அதைச் செய்வோர் தம் மகளைக் காக்கும் பொருட்டு இன்னொருவர் மகளைப் பலியிடுகின்றனர் என்று கூறுவதில் எமக்குத் தயக்கமில்லை.

இதற்கிடையில் சட்டம் காத்திருக்கிறது. 1984ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி இரண்டு கிராம் ஹெரோயின் ஒருவனிடம் அகப்பட்டால் மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்கப்படலாம். 2022இல் வந்த 41ஆம் இலக்கச் சட்டம் ஐந்து கிராம் ‘ஐஸ்’ வைத்திருப்போரையும் அவ்வரிசையிற் சேர்த்தது. 1976இன் பின் இந் நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் விளக்கமறியலில் வருடங்கள் கழிவது கண்கூடு. தன் செலவுக்காக நண்பர்களுக்குக் கைமாற்றிக் கொடுக்கத் தொடங்கும் பதினெட்டு வயதினன், தான் வியாபாரி என்று எண்ணுவதில்லை. கைதுசெய்யும் அதிகாரி அவ்வாறே எண்ணுவார். வீட்டார் மௌனமாக இருந்த ஓராண்டுக்குள் அவன் நோயாளியிலிருந்து குற்றவாளியாக மாறிவிடுகிறான்.

மறுபுறத்தில் வழியும் இல்லாமலில்லை. 1984இல் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை கண்டியிலும் ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்துகிறது. அதன் 1927 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். தானாக முன்வருபவன் சிகிச்சை பெறவும், நீதவானின் கட்டளைப்படி ஒருவன் அனுப்பப்படவும் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வகைசெய்கிறது. இவ்விரு வாசல்களுள் முதலாவதன் வழியே செல்வோர் வீட்டாரின் துணையோடு செல்கின்றனர். இரண்டாவதன் வழியே செல்வோர் பொலிஸ் வாகனத்தில் செல்கின்றனர். எந்த வாசல் என்பது பெற்றார் எவ்வளவு விரைவில் அறிந்தனர் என்பதைப் பொறுத்தது.

அறிவதற்கு அவர்கள் அதிக தூரம் போக வேண்டியதுமில்லை. இப்படிப்பட்ட வீடுகளில், தாயும் தந்தையும் அறிவதற்குப் பல மாதங்கள் முன்பாகவே அதனை அறிந்த ஒருவர் அவ் வீட்டுக்குள்ளேயே இருப்பது வழக்கம். நள்ளிரவில் நானாவுக்குக் கதவைத் திறந்துவிட்டவள் அவள்; அவன் சட்டையைத் துவைக்கும்போது பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தவள் அவள். யாருடைய கல்யாணத்தின் பொருட்டு அக் குடும்பம் பின்னர் மௌனம் காக்கப் போகிறதோ, அந்தத் தங்கைதான். அவளிடம் எவரும் ஒன்றும் கேட்டதில்லை.